அஞ்சவும் வேண்டும், ரசிக்கவும் வேண்டும்

*பேய்க்கதையைத் தேடித் தேடிப் படிப்பது ஏன்? தொல்காப்பியம் முதல் தொலைக்காட்சித் தொடர் வரை, சுடலைமாடன் கொடை முதல் 'காஞ்சனை' வரை, தென்காசி, குற்றாலம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு பார்வை.*

திகில் கதையின் வாசகர் அச்சத்தை விலை கொடுத்து வாங்குகிறார். நாவலுக்குப் பணம், படத்துக்கு டிக்கெட், கொடை விழாவில் விடிய விடிய இழந்த தூக்கம் என்று எதையாவது கொடுத்துத்தான் அந்த நடுக்கம் கிடைக்கிறது. வாழ்க்கையில் அதே அச்சம் எதிர்ப்பட்டால் ஓட்டம் பிடிக்கிறவர், கதையில் அது வராவிட்டால் ஏமாந்துபோகிறார். 'படத்துல பயமே இல்லை' என்பதுதான் ஒரு பேய்ப்படத்தைப் பற்றிச் சொல்லக்கூடிய ஆகப் பெரிய குறை. விலகி ஓட வேண்டிய உணர்ச்சி எப்படி விரும்பத்தக்கதாகிறது? அவலத்தைக் கண்டு மக்கள் இன்புறுவதை அரிஸ்டாட்டில் அந்தக் காலத்திலேயே விளக்க முயன்றார். அமெரிக்கத் தத்துவ அறிஞர் நோயல் கரோல் 1990இல் திகில் கலையின் தத்துவம் குறித்து எழுதிய நூல் இந்த முரணையே மையமாகக் கொண்டது. உளவியலாளர்கள் இன்று இதயத் துடிப்பைக் கருவியால் அளந்து இதே கேள்விக்கு விடை தேடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த விடையைத் தேட ஏற்ற இடம் தென்காசிச் சீமை. மேற்கே காடும் மலையும் சுவராக நிற்கின்றன. ஊருக்கு ஊர் சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் கோயில் உண்டு. கொடை விழாக்களில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் நள்ளிரவில் சாவின் கதைகளைப் பாடுகின்றன. 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டமாக விளங்கும் இந்தப் பகுதியில் செங்கோட்டை மட்டும் 1956 நவம்பர் 1 வரை மலையாள நாட்டு ஆட்சியின் கீழ் இருந்தது. கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் வெளியிட்ட மலையாளத் தொன்மக்கதைத் தொகுப்பான 'ஐதிஹ்யமாலை'யில் உலவும் யட்சிகளும் நெல்லைச் சீமையின் இசக்கிகளும் ஒரே மலையின் இரு சரிவுகளில் குடியிருப்பவர்கள். 'காஞ்சனை' எழுதிய புதுமைப்பித்தனுக்கும் சொந்த மண் இதே நெல்லைச் சீமைதான். அச்சம் சடங்காகவும் பாட்டாகவும் சிற்பமாகவும் நவீன இலக்கியமாகவும் உருவெடுத்ததை இங்கே அருகருகே பார்க்க முடிகிறது.

அச்சத்தின் நான்கு வாயில்கள்

அச்சத்தைச் சுவையாகக் கணக்கில் எடுத்த மிகப் பழைய தமிழ் நூல் தொல்காப்பியம். அதன் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள் உண்டு. அச்சத்துக்கு உரியவை அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இன்றைய திகில் கலை முழுவதையும் இந்த நான்கு தலைப்புகளுக்குள் அடக்கிவிடலாம். பேயும் யட்சியும் வரும் கதைகள் அணங்கின் வழி வந்தவை. சுறா வேட்டையாடும் 'ஜாஸ்' (1975) போன்ற படங்கள் விலங்கின் வழி வந்தவை. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960), பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) ஆகியவற்றில் ஒளிந்திருந்து கொல்லும் மனிதன் கள்வர் மரபைச் சேர்ந்தவன். நான்காவதாகிய இறை என்பது அரசன், தலைவன், அதிகாரம் படைத்தவன். 'சந்திரமுகி'யில் (2005) பேயைவிடக் கொடியவன் பெண்ணை உயிரோடு எரித்த வேட்டையன் என்னும் மன்னன்தான். பாழடைந்த அரண்மனையும் ஜமீன் பங்களாவும் பேய்க்கதைகளில் விடாமல் வருவதற்கு இந்த நான்காம் வாயிலே காரணம்.

பழைய உரையாசிரியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பேயையோ புலியையோ கண்டு ஒருவன் அஞ்சும்போது அங்கே என்னென்ன நிகழ்கின்றன என்று பிரித்துப் பார்த்தார்கள். அஞ்சப்படும் பேயும் புலியும் சுவைப்பொருள். கண்ட கணம் முதல் நீங்காது நிற்கும் அச்சம் சுவை. அதனால் வரும் மயக்கமும் ஒளிந்துகொள்ளலும் குறிப்பு. தன்னை அறியாமல் உடலில் தோன்றும் நடுக்கமும் வியர்வையும் விறல், அதாவது சத்துவம். பொருள், உணர்வு, மனக்குறிப்பு, உடல் விளைவு என்னும் இந்தப் பகுப்பு இன்றைய ஆய்வுக்கூடத்துக்கும் பொருந்துகிறது. இதில் கவனிக்க வேண்டியது, அச்சத்தை அவர்கள் நகைக்கும் உவகைக்கும் சமமான இடத்தில் வைத்தார்கள் என்பதே. அஞ்சுவது இழிவு என்ற எண்ணம் அங்கே இல்லை.

வடமொழி மரபிலும் பரதரின் நாட்டிய சாத்திரம் 'பயானகம்' என்ற சுவையை எண்ணியிருக்கிறது. அதற்கு விளக்கம் எழுதிய காஷ்மீர அறிஞர் அபிநவகுப்தர், காளிதாசரின் சாகுந்தலத்தில் துஷ்யந்தனின் தேருக்கு முன்னால் உயிர் பிழைக்க ஓடும் மானைச் சான்றாகக் காட்டுகிறார். மானுக்கு அது மரண பயம். பார்வையாளர் மனத்திலோ அதே பயம் 'எனக்கு', 'உனக்கு' என்ற ஒட்டுதல் நீங்கித் தூய அனுபவமாக நிற்கிறது. தன் உயிர், தன் உடைமை என்ற கவலை கலவாத பயத்தைத்தான் மனம் சுவைக்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

உடல் சொல்லும் காரணம்

பயமும் மகிழ்ச்சியும் உடலில் எவ்வளவு நெருங்கியவை என்பதைக் குற்றாலத்துச் சாரல் காலம் கண்கூடாகக் காட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தண்ணீர் விழும் நாள்களில், உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவிக்குள் முதன்முறை நுழைபவரைக் கவனித்தால் போதும். கம்பியை இறுகப் பிடித்துத் தலையைக் குனிந்து உள்ளே போவார். பிடரியில் தண்ணீர் அறைந்ததும் மூச்சு முட்டும்; காது அடைத்துப்போகும்; பக்கத்தில் நிற்பவர் கத்துவது கேட்காது. அரை நிமிடத்தில் அலறிக்கொண்டு வெளியே ஓடி வருவார். முகத்தைத் துடைத்த மறுகணம் வாய்விட்டுச் சிரிப்பார். அதோடு ஊர் திரும்புவதில்லை. இன்னொரு முறை என்று மறுபடி உள்ளே நுழைவார். உடலுக்கு அது ஆபத்து நேரம், மனத்துக்கோ கொண்டாட்டம்.

திகில் கதை படிக்கும்போதும் இதுவே நிகழ்கிறது. மூளையின் அமிக்டலா என்ற பகுதி ஆபத்தின் அறிகுறி கண்டதும் உடலை உஷார்ப்படுத்துகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, மயிர் கூச்செறிகிறது. அதே வேளையில், சூழலை நிதானமாக எடைபோடும் முன்மூளைப் பகுதி 'இது கதைதான்' என்று அடையாளம் கண்டுவிடுகிறது. உடலில் எழுந்த வேகம் உடனே அடங்குவதில்லை. டால்ஃப் ஜில்மேன் என்ற உளவியலாளரின் விளக்கம் இந்த இடத்தில் உதவுகிறது: ஓர் உணர்ச்சி கிளப்பிவிட்ட பரபரப்பு, அடுத்து வரும் உணர்ச்சியின் மீது ஏறிக்கொள்ளும். ஆபத்து நீங்கியதும் வரும் நிம்மதி, மிச்சமிருக்கும் பரபரப்பையும் சேர்த்துக்கொண்டு பன்மடங்கு இனிக்கிறது. பேய்ப்படம் முடிந்து வெளியே வரும் கூட்டம் சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டு வருவது இதனால்தான்.

பால் ரோசின் என்ற அமெரிக்க உளவியலாளர், மிளகாயின் காரத்தை மனிதர் ஏன் விரும்புகிறார்கள் என்று ஆராய்ந்தவர். நாக்கு எரிவதை உடல் ஆபத்தென்று எடுத்துக்கொள்கிறது. ஆபத்து ஏதுமில்லை என்று மனம் அறிந்திருக்கிறது. உடலை மனம் வென்றுவிட்ட அந்த உணர்வே இன்பமாகிறது என்பது அவர் கருத்து. சோகப் பாட்டு, ராட்டினம், திகில் படம் மூன்றையும் அவர் இதே வரிசையில் வைக்கிறார்.

எவ்வளவு பயம் இனிக்கும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் மத்தியாஸ் கிளாசன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், மக்களைப் பயமுறுத்துவதற்கென்றே அமைத்த பேய்வீடு ஒன்றுக்குள் 110 பேரை அனுப்பி, அவர்களின் இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். 2020இல் வெளியான அந்த ஆய்வின்படி, பயம் மிகக் குறைவாக இருந்தாலும் ரசனை இல்லை; மிக அதிகமானாலும் ரசனை இல்லை. நடுவே ஓர் அளவில்தான் இன்பம் உச்சத்தைத் தொடுகிறது. நல்ல கதைசொல்லி இந்த அளவை ஆய்வில்லாமலே அறிந்தவர். எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே நிறுத்திவிட்டு வெற்றிலை போடுவது என்பது அவருக்குத் தெரியும்.

வேலி இருக்கும் வரை

அளவைப் போலவே எல்லையும் முக்கியம். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டத் தொடங்கினால் குளிக்கத் தடை விதிக்கப்படுகிறது. 2024 மே 17 அன்று மலையில் பெய்த கோடை மழையால் பழைய குற்றாலம் அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அந்த ஓட்டத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எல்லை உடைந்த இடத்தில் அச்சம் வெறும் அச்சமாகவே நின்றது.

மலையடிவார விவசாயிகளுக்கும் இது தெரிந்த செய்தி. வடகரை, மேக்கரைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் யானை இறங்கும் இரவுகளை யாரும் ரசிப்பதில்லை. ஆனால் அதே யானைக் கதையை விடிந்தபின் டீக்கடையில் உட்கார்ந்து கேட்பதில் சுவை உண்டு.

இதிலிருந்து திகில் இன்பத்துக்கான நிபந்தனைகள் தெளிவாகின்றன. ஆபத்து தனக்கு நேரவில்லை என்ற உறுதி வேண்டும். வேண்டாமென்றால் புத்தகத்தை மூடிவிடலாம் என்ற உரிமை வேண்டும். கதைக்கு முடிவு உண்டு என்ற நம்பிக்கை வேண்டும். பெரும்பாலும் பக்கத்தில் துணையும் வேண்டும். பாட்டி சொன்ன பேய்க்கதையில் இந்த நான்கும் இருந்தன. கதை எவ்வளவு பயங்கரமானாலும் கேட்ட இடம் பாட்டியின் மடி.

கொடை இரவு

இந்த எல்லையைத் தென்மாவட்ட மக்கள் சமூக அளவில் கட்டி எழுப்பியதே கொடை விழா. சுடலைமாடன் கதை, விளக்குச் சுடரிலிருந்து பார்வதியின் மடியில் பிறந்த பிள்ளை இரவில் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்பதாகத் தொடங்குகிறது. கயிலையில் இருக்க இடமில்லாமல் அவன் பூலோகத்துக்கு அனுப்பப்படுகிறான். மலையாள நாட்டு மந்திரவாதியான காளிப்புலையனோடு மோதுகிறான். கொலை, பழி, ஏமாற்று எல்லாம் நிறைந்த இந்தக் கதையின் நாயகன் கேட்பவருக்கு அச்சமூட்டுகிறவன். அவனே அவர்களின் காவல் தெய்வம்.

கொடை நாளின் சாமப் பூசையை நெருங்கிப் பார்த்தால் அச்சம் எப்படிப் படிப்படியாக ஏற்றப்படுகிறது என்பது புரியும். தீயில் காய்ச்சிய மகுடங்கள் இரண்டு, ஒன்று உச்சமாகவும் மற்றது மந்தமாகவும் முழங்குகின்றன. அண்ணாவி கதையைப் பாட, பெண் வேடம் கட்டிய ஆண்கள் சதங்கை குலுங்க ஆடுகிறார்கள். முன்னிரவில் கேலியும் பாட்டுமாகப் போகும் ஆட்டம், நள்ளிரவு நெருங்க நெருங்க இறுகுகிறது. கணியான் தன் கையைக் கீறி இரத்தம் கொடுக்கும் கைவெட்டுச் சடங்கு வரும்போது கூட்டம் மூச்சு விடுவதில்லை. சல்லடமும் கச்சையும் கட்டிய சாமியாடி தீப்பந்தத்தோடு மயான வேட்டைக்குக் கிளம்புகிறார். ஊர் பின்தொடராமல் காத்திருக்கிறது. அவர் திரும்பி வந்து திருநீறு போடும்போது, அதுவரை அடக்கிவைத்த அத்தனை பயமும் ஆறுதலாக மாறுகிறது. தாயின் தோளில் கிடக்கும் குழந்தை முதல் திண்ணையோரம் அமர்ந்த முதியவர் வரை எல்லாரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அஞ்சி, ஒரே நேரத்தில் தெளிகிறார்கள். தனியாகச் சுமக்க முடியாத அச்சத்தை ஊரே சேர்ந்து சுமந்து இறக்கி வைக்கும் ஏற்பாடு இது.

வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், அந்தக் கதைகளை இரு வகையாகப் பிரித்தார்: தெய்வமாகவே பிறந்தவர்களின் கதைகள், மனிதராகப் பிறந்து, கொடுமையாகச் செத்து, தெய்வமானவர்களின் கதைகள். இரண்டாம் வகையில் கதையின் நடு நரம்பே அந்தச் சாவுதான் என்றும், அது பாடப்படும் கட்டத்தில்தான் சாமியாட்டம் உக்கிரம் கொள்கிறது என்றும் காட்டினார்.

செத்தவருக்கும் நியாயம் உண்டு

பேய்க்கதையின் இன்பத்துக்கு இன்னொரு வேர் இங்கிருந்துதான் கிளைக்கிறது. தமிழ்ப் பேய்களில் பெரும்பாலானவை அநியாயமாகச் செத்தவை. தென்மாவட்டங்களில் இசக்கி கதையாகப் பாடப்படும் நீலி கதை இதற்கு முதல் சான்று. ஒருத்தியின் சொத்தை எல்லாம் தின்று தீர்த்தவன், நகைக்காக அவளைக் கள்ளிச்செடியின் அடியில் தன் மடியில் தூங்கவைத்தே கொல்கிறான். தங்கையைத் தேடி வந்த அண்ணனும் உயிரை விடுகிறான். மறுபிறவியில் அவள் நீலியாக வருகிறாள். கொன்றவன் வணிகனாகப் பிறந்து வருகிறான். கள்ளியையே குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுப் போகிறார்' என்று பழையனூர்ச் சபையில் அழுகிறாள். ஊர்ப் பெரியவர்கள் எழுபது பேரும் அவளை நம்பி, அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று வாக்களித்து, இருவரையும் ஒரே இடத்தில் தங்க வைக்கிறார்கள். விடிந்ததும் அவன் பிணமாகக் கிடக்கிறான். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இந்தக் கதையைக் கேட்பவர் மனம் எந்தப் பக்கம் நிற்கிறது? வணிகனோடு சேர்ந்து நீலியைக் கண்டு நடுங்குகிறது. நீலியோடு சேர்ந்து பழி தீர வேண்டும் என்றும் துடிக்கிறது. கொலையைக் கண்ட சாட்சி கள்ளிச்செடி மட்டும்தான். உயிரோடு இருந்தபோது கேட்க நாதியில்லாத வழக்கைப் பேயாகி வந்துதான் அவளால் நடத்த முடிகிறது. நீதிமன்றம் எட்டாத இடத்தில் பேய்க்கதை நீதிமன்றமாகிறது. ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா'வில் (2011) நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை திரும்பி வந்து பழி தீர்க்கும்போது திரையரங்குகள் ஆரவாரித்தது இதே காரணத்தால்தான். மிஷ்கினின் 'பிசாசு' (2014) இன்னும் ஒரு அடி முன்னே போய், பேயாகி வந்த பெண்ணிடம் அன்பையே கண்டது. வெறும் பயமுறுத்தலுக்காக எழுதப்பட்ட கதை ஒரு வாரத்தில் மறந்துபோகிறது. நியாயத்தைக் கேட்டு வரும் பேய் தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது.

பேயின் சிரிப்பு

இலக்கியத்திலும் பேய்க்குப் பழைய இடம் உண்டு. மணிமேகலையின் 'சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை' பூம்புகாரின் சுடுகாட்டை விரிவாக வருணிக்கிறது. சார்ங்கலன் என்ற சிறுவன் வழி தெரியாமல் அதனுள் நுழைந்து, வெட்டுண்ட தலையைக் கையில் ஏந்தி ஆடும் பேயைக் கண்டு, அலறி ஓடித் தாய் கோதமையின் முன் விழுந்து உயிர்விடுகிறான். பார்வையற்ற கணவனும் அவளும் தவிக்கும் தவிப்புக்கு அடுத்ததாக, நிலையாமை பற்றிய பௌத்த விளக்கம் வருகிறது. அச்சம் அங்கே அறத்தின் வாசற்படி.

காரைக்கால் அம்மையார் தம்மையே பேய் என்று சொல்லிக்கொண்டவர். திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் பேய்க்கூட்டத்தின் நடுவே இறைவன் ஆடும் ஆட்டத்தைப் பாடினார். அந்தத் திருவாலங்காடு, சிவன் நடனமாடும் ஐந்து சபைகளில் ஒன்றான இரத்தின சபை. அதே வரிசையில் வருவது குற்றாலத்தின் சித்திர சபை. சுடலையில் ஆடுபவனைச் சாரல் விழும் ஊரில் சுவரோவியங்கள் நிறைந்த மண்டபத்தில் வைத்து வணங்கும் மரபுக்கு, பயங்கரமும் அழகும் பகையல்ல.

பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் மண்டபமும் இதையே கல்லில் சொல்கிறது. அங்கே விழி பிதுங்க ஆயுதம் ஓங்கி நிற்கும் வீரபத்திரரும், நளினமாக நிற்கும் ரதியும் மன்மதனும் ஒரே தூண் வரிசையில் இருக்கிறார்கள். வழிபட வருகிறவர் இரண்டையும் ஒரே நடையில் கண்டு கடந்து போகிறார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணி, அச்சத்தோடு நகையையும் சேர்த்துப் பிசைந்தது. காளி கோயில் பேய்கள் பசியால் வாடி முறையிடுகின்றன. முதலாம் குலோத்துங்கனின் கலிங்கப் போர் முடிந்ததும் போர்க்களத்தில் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்து, ஒன்றையொன்று உபசரித்து உண்கின்றன. குமட்டலும் சிரிப்பும் ஒருசேர எழும் அந்தப் பகுதியே 'முனி' (2007), 'அரண்மனை' (2014) முதலான நகைச்சுவைப் பேய்ப்படங்களின் மூதாதை. பயந்த பிறகு சிரிக்க மனம் ஏங்குகிறது; அந்த ஏக்கத்தைத் தமிழ்க் கவிஞர் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்.

சந்தேகம் என்னும் சுவை

நவீனத் தமிழில் திகிலை உயர்ந்த கலையாக்கியவர் புதுமைப்பித்தன். 1943இல் வெளிவந்த 'காஞ்சனை' தொகுப்பின் தலைப்புக் கதையில் கோரமான காட்சிகள் மிகக் குறைவு. இரவில் எங்கிருந்தோ வரும் வாசனை பிணவாடையாக மாறுவது, வேலைக்காரியாக வீட்டுக்குள் வந்து சேரும் பெண்ணைப் பற்றிய உறுத்தல் என்று அன்றாட வீட்டின் நடுவிலேயே அச்சம் முளைக்கிறது. அவள் பேயா, கதைசொல்லியின் பிரமையா என்பதை ஆசிரியர் கடைசி வரை தீர்த்துவைப்பதில்லை. அறிவு ஒரு பக்கம் இழுக்க, அடிமனம் மறுபக்கம் இழுக்கிறது. பல்கேரியாவில் பிறந்த விமர்சகர் த்ஸ்வெதான் தொதொரோவ் 1970இல், இயற்கையா இயற்கைக்கு அப்பாற்பட்டதா என்று முடிவு கட்ட முடியாத அந்தத் தயக்கமே இவ்வகை இலக்கியத்தின் உயிர் என்று வரையறுத்தார். புதுமைப்பித்தன் அதைக் கால் நூற்றாண்டுக்கு முன்பே எழுதிக் காட்டிவிட்டார். 'பிரம்மராக்ஷஸ்', 'செவ்வாய் தோஷம்' ஆகிய கதைகளிலும் அவர் நாட்டார் நம்பிக்கையின் கிணற்றிலிருந்தே நீர் இறைத்தார்.

இந்தத் தயக்கம் வெகுசன எழுத்துக்கும் இறங்கியது. பி.டி.சாமியின் பேய் நாவல்கள் வாடகை நூல் நிலையங்களில் கை மாறிக்கொண்டே இருந்தன. பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கிய பாக்கெட் நாவல்கள், ஊர் போய்ச் சேர்வதற்குள் படித்து முடிக்கும் அளவில் திகிலை விற்றன. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' ஆவியா அறிவியலா என்ற வழக்கைக் கணேஷ், வசந்த் இருவரையும் வைத்து நடத்தியது. இந்திரா சௌந்தர்ராஜன் கோயில், சித்தர், குலதெய்வம் என்று தமிழ் ஊர்களின் நம்பிக்கைகளையே திகிலுக்குக் களமாக்கினார். அவர் எழுத்தில், நாகா இயக்கத்தில், 1990களின் பிற்பகுதியில் சன் டிவியில் ஒளிபரப்பான 'மர்மதேசம்' தொடரின் 'விடாது கருப்பு', கருப்பசாமியின் தண்டனை என்று ஊர் நம்பிய சாவுகளுக்குப் பின்னால் பிளவுபட்ட மனத்தைக் காட்டியது. அதே சமயம் நம்பிக்கையின் கதவை முழுக்க அடைத்துவிடவும் இல்லை. குதிரைக் குளம்பொலி கேட்டதும் போர்வைக்குள் புகுந்துகொண்ட தலைமுறை அந்தத் தொடரை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. ஜெயமோகனின் 'நிழல்வெளிக் கதைகள்' தொகுப்பு, மலையாளக் கரையோரத் தமிழ் நிலத்தின் பேய் மரபை இலக்கியத்துக்குள் மறுபடி கொண்டு வந்தது.

யாருக்குப் பிடிக்கும், யாருக்கு ஆகாது

எல்லாருக்கும் திகில் இனிப்பதில்லை. மார்வின் ஜுக்கர்மேன் என்ற உளவியலாளர், புதிய, தீவிரமான அனுபவங்களைத் தேடும் இயல்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதை அளக்க வழி கண்டார். அந்த இயல்பு மிகுந்தவர்களைத் திகில் எளிதில் ஈர்க்கிறது. பதின்பருவத்தினரிடம் இந்த ஈர்ப்பு கூடுதல். பிறர் துன்பத்தைத் தன் துன்பமாகவே உணர்ந்து தவிப்பவர்கள் விலகிப் போகிறார்கள். சிறு குழந்தைகளுக்குக் கதைக்கும் நிஜத்துக்கும் நடுவே உள்ள வேலி இன்னும் முழுதாகக் கட்டப்படவில்லை. அவர்களுக்குத் திகிலை அளந்துதான் கொடுக்க வேண்டும்.

திகில் ரசிகர்களுக்கு ஓர் உபரி நன்மையும் இருக்கக்கூடும். கொரோனா காலத்தில் அமெரிக்காவில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், திகில் படங்களை விரும்புகிறவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த மன உளைச்சலோடு அந்த நாள்களைக் கடந்தது தெரியவந்தது. கற்பனையில் பலமுறை அஞ்சிப் பழகியவர், நிஜம் அச்சுறுத்தும்போது அச்சத்தைக் கையாளக் கற்றிருக்கிறார் என்று ஆய்வாளர்கள் இதற்கு விளக்கம் கூறினார்கள். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று சொன்ன ஊர், அரளாமல் இருட்டைப் பார்க்கும் பயிற்சியைக் கதைகளில் வைத்திருக்கிறது.

கதையின் வேலியைத் தாண்டிப் பேய் வெளியே வந்தால் கேடு பெரிது. மனநோயைக் காத்துக் கருப்பு என்றும் பேய் பிடித்தது என்றும் எண்ணி, மருத்துவரிடம் போகாமல் சங்கிலியில் கட்டிவைக்கும் கொடுமை தமிழகத்தில் நடந்திருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டார்கள். பலியானவர்கள் 28 பேர். பேய்க்கதையை ரசிப்பதும் பேயோட்டுபவரை நம்புவதும் வேறு வேறு. முன்னதில் மனம் அச்சத்தை ஆள்கிறது. பின்னதில் அச்சம் மனிதரை ஆள்கிறது. அதைப் பிழைப்பாக்கிக்கொள்பவர்களும் உடனே வந்து சேர்கிறார்கள்.

திகில் கதை இன்பம் தரும் காரணங்கள் பல. அவை ஒன்றுக்கொன்று துணை நிற்பவை. உடலின் பரபரப்பு நிம்மதியைப் பெருக்குகிறது. எல்லைக்குள் நின்று ஆபத்தை அறிய முடிகிறது. அஞ்சுவதற்குத் துணை கிடைக்கிறது. பேயா பிரமையா என்ற தயக்கம் அறிவுக்கு வேலை கொடுக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உயிரோடு இருந்தபோது யாரும் கேட்காத குரல்கள் அங்கே கேட்கின்றன. இத்தனையும் செய்யும் ஒரு கலையை 'வெறும் பேய்க்கதை' என்று ஒதுக்கி வைப்பது, அச்சத்தை எட்டுச் சுவைகளில் ஒன்றாக வைத்த தமிழ் மரபுக்குச் செய்யும் அநீதி. வில்லுப்பாட்டு அண்ணாவிகளும் கணியான் கூத்துக் கலைஞர்களும் பாடும் கதைகளைப் பதிவு செய்வதும், தமிழில் எழுதப்படும் திகில் கதைகளை மற்ற இலக்கியத்துக்கு உரிய அதே அக்கறையோடு விமர்சிப்பதும் இந்தத் தலைமுறை செய்ய வேண்டிய வேலை.